தீபாவளிக்கு முதல் நாள் இலை எங்கே போடுவீர்கள்?

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சமையலறை வடிவமைத்துக் கொடுத்தேன். கைப்பிடி இல்லாத வெள்ளைக் கேபினட், நடுவில் குவார்ட்ஸ் கல் பதித்த பெரிய மேடை, மேலே மூன்று தொங்கு விளக்குகள். வீட்டுக்காரர்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்த வருடத் தீபாவளிக்கு என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். போனேன். அந்த அக்கா என்னைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போனார். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் மேசை, அதன் மேல் இரட்டை அடுப்பு, பக்கத்தில் கேஸ் தோம்பு. கோழிக்கறி அங்கேதான் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நான் போட்டுக் கொடுத்த மேடையின் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தது.

"உள்ள சமைச்சா எண்ணெய் தெறிச்சிடுமேன்னுதான். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் காட்டியதற்கெல்லாம் அவர் சரி சொல்லியிருந்தார். நான் அவரிடம் எதையுமே கேட்டிருக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாளிப்பீர்கள், கருவாடு பொரிப்பீர்களா, எத்தனை பேருக்கு உலை வைப்பீர்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரைச் சுற்றி எல்லாம் தோட்டம். ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். எனக்கு வருகிற வேலைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான்: பணம் பிள்ளை கொடுக்கிறார், வீட்டில் இருக்கப் போகிறவர்கள் அம்மாவும் அப்பாவும். வரைபடத்தில் யாருடைய ஆசையை வரைவது என்பது முதல் நாளே வந்துவிடுகிற சிக்கல். போன வருடம் செய்த ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் குடும்பத்திடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இருபதுக்கு அறுபத்தைந்து அடி மனை, ஒற்றை மாடி, வரிசையில் நடு வீடு. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். 42,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருந்தார். தீபாவளிக்குள் முடிய வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) எனக்கு நாற்பதுக்கு மேல் படங்கள் அனுப்பியிருந்தார், எல்லாம் வெள்ளை.

முதல் சந்திப்பு காணொளி அழைப்பில் நடந்தது. கைப்பேசியை மைலோ டின்னில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவும் ஐயாவும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மகன், அந்தத் தம்பி, ஒவ்வொரு படமாக விளக்கினார். முன் ஹாலைப் போர்ச் பக்கம் இழுத்துக் கட்டுவது, வாசலில் காலணி அலமாரியோடு ஒரு தடுப்பு, டிவிக்குச் சுவர் முழுக்க கேபினட். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நீ எந்தத் தோட்டம்மா?"

கமுனிங் என்றேன். அப்புறம்தான் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அழைப்பு முடிந்ததும், "அம்மா, காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?" என்று கேட்டேன். நாலரைக்கு என்றார். அவர் வேலையை விட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. இனிமேல் பெரட்டுக்கு, தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, யாரும் கூப்பிடப் போவதில்லை, ஆனால் உடம்பு அந்த மணியை மறக்கவில்லை. நான் இன்றைக்கு ராத்திரி இங்கேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் திகைத்தார். பிறகு பாயை எடுத்துக் கொடுத்தார்.

அளவு நாடாவும் குறிப்பேடும் அந்த ஒரு காலையில் கற்றுக்கொடுத்ததை எந்தக் கேள்வித்தாளும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. நாலரைக்கு அறைக் கதவு திறந்தது. விளக்கு எரியவில்லை. ஐயா தூங்குகிறார் என்பதால் அவர் விளக்கே போடுவதில்லை. இடது கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே நடக்கிறார். அறை வாசலிலிருந்து குளியலறை, அங்கிருந்து குசினி, அதாவது சமையலறை. விடிந்த பிறகு அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பச்சைச் சாயத்தின் மேல் அழுக்கேறிய ஒரு பட்டை, நாலு விரல் அகலத்துக்கு, கதவு நிலையில் தொடங்கிக் குசினி வரைக்கும் கோடு கிழித்த மாதிரி போயிருந்தது. ஓரிடத்தில் மட்டும் பட்டை அறுந்திருந்தது. அங்கே ஓர் அலமாரி இருந்தது. அதன் முனை பளபளவென்று தேய்ந்திருந்தது.

தம்பி கேட்ட டிவி கேபினட் அதே சுவரில்தான் வர வேண்டும்.

அந்தக் கோட்டின் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து 82 சென்டிமீட்டர். அதே உயரத்தில் சுவர் நீளத்துக்கு உருண்டையான கைப்பிடிக் கட்டை ஒன்று வைப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாலு சென்டிமீட்டர் தடிமன், சுவரை விட்டு ஐந்து சென்டிமீட்டர் தள்ளி. காலடியில், ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சின்ன விளக்குகள் மூன்று. அந்த அம்மா கேட்கவே இல்லாத பொருள் இது. கேட்டிருந்தாலும் "எனக்கு எதுக்கும்மா, நான் என்ன நோயாளியா" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஐந்து மணிக்குக் குசினியில் அடுப்பைப் பற்ற வைத்தார். அப்போது இன்னொன்றைப் பார்த்தேன். சிங்குக்குக் கீழே இருந்து ஒரு பலகைப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு சட்டியைக் கிளறினார். அவருடைய உயரம் 147 சென்டிமீட்டர். வீட்டைக் கட்டியவர்கள் போட்டுக் கொடுத்த மேடை 86. எழுபதைத் தாண்டிய ஒருவர் இத்தனை வருடமாக, தினமும் சூடான எண்ணெய்க்கு முன்னால், ஒரு பெட்டியின் மேல் நின்று சமைத்திருக்கிறார். மகன் அனுப்பிய படங்களில் மேடை 90.

சமையல் மேடையின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது என்று படிக்கிறபோது சொல்லித் தருவார்கள். நேராக நின்று முழங்கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே. அடுப்பு வைக்கிற இடம் அதைவிடவும் தாழ்வாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுப்பும் சட்டியும் தங்கள் உயரத்தைக் கூட்டிவிடும். கை உள்ளே இறங்குவதால் சிங்க் கொஞ்சம் உயரலாம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் கணக்கைச் சொல்லி யாரிடமும் சம்மதம் வாங்க முடியாது. இரண்டு முக்காலி, ஒரு பலகை, பின்னால் கிடந்த செங்கற்கள், இவற்றை அடுக்கி ஒரு மேடை செய்தேன். வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்தேன். 84-இல் நறுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தோள் மேலே தூக்கியிருந்தது. ஒரு செங்கல்லை உருவினேன். 77-இல் முதுகு குனிந்தது. மெல்லிய பலகை ஒன்றைச் செருகினேன். 80. நாலு வெங்காயம் நறுக்கி முடித்துவிட்டு, ஐந்தாவதைத் தானாகவே கூடையிலிருந்து எடுத்தார். சாக்கட்டியால் சுவரில் ஒரு கோடு போட்டேன். அடுப்புக்கு 73 என்று இன்னொரு கோடு.

ஐயா ஆறடிக்குப் பக்கம். அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது அவர்தான், கல்யாணமான நாளிலிருந்து. அதனால் சிங்க் 90. ஒரே மேடை மூன்று உயரத்தில் படிப்படியாக இருப்பது பார்க்க நன்றாக இருக்காது என்று தம்பி சொன்னார். பலகைப் பெட்டியின் மேல் அம்மா நிற்கிற படத்தை அவருக்கு அனுப்பினேன். அன்று ராத்திரி ஒரு வரி பதில் வந்தது. "அக்கா, உங்க இஷ்டம்."

இந்தப் பதில் எனக்குச் சந்தோஷம் தரவில்லை. அவரும் இந்த வீட்டுக்காரர்தான். பணம் கொடுக்கிறவரை வாயடைக்க வைத்து வேலையை முடித்தால், அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அடுத்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அந்த வாரக் கடைசியில் அவரை அழைத்துத் தனியாகப் பேசினேன். ஏன் எல்லாம் வெள்ளை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு லயத்து வீட்டின் குசினியைப் பற்றிச் சொன்னார். விறகடுப்புப் புகையில் சுவரும் கூரையும் கரியாகக் கிடந்தது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். பரீட்சைக்கு அந்தக் குசினியில்தான் உட்கார்ந்து படித்தார், வீட்டில் அந்த ஒரு மேசைதான். புத்தகத்தின் ஓரமெல்லாம் கரி. பள்ளிக் கூட்டாளிகளை ஒரு நாளும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "எங்கம்மா இனிமே கரி பார்க்கக் கூடாதுக்கா."

நாற்பது படங்களையும் மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். எதிலும் அவருக்கென்று ஓர் இடம் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் ஹாலில் பாய் போட்டுப் படுத்துவிட்டுப் போகிறவர், தன் பணத்தில் புதுப்பிக்கிற வீட்டில் தனக்கு ஒரு நாற்காலிகூடக் கேட்டிருக்கவில்லை. ஹாலின் சன்னலோரம் நாலடிக்கு ஒரு படிப்பு மேசை வரைந்தேன். சுவரெல்லாம் அவர் கேட்ட வெள்ளை, கழுவித் துடைக்கிற வகைச் சாயமாக. மேசை மட்டும் கித்தா மரம்.

கித்தாப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இருபத்தைந்து முப்பது வயதாகி, பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். நம் பாட்டிமார் காலத்தில் அது விறகு, வேறொன்றுக்கும் ஆகாது. அறுத்த பலகையை உடனே போரான் மருந்தில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். அந்தப் பக்குவம் கைவந்த பிறகு, 1970களின் கடைசியிலிருந்துதான் மலேசியாவில் அதில் தளவாடம் செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு நாட்டின் மரத் தளவாட ஏற்றுமதிக்கு முதுகெலும்பே அதுதான். வெளிர் மஞ்சளாக, வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் கண்ணை உறுத்தாமல் இருக்கும். ஈரம் படுகிற இடத்துக்கு மட்டும் ஆகாது. தச்சர் மேசையைக் கொண்டுவந்து இறக்கிய அன்று ஐயா வெகுநேரம் அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் பட்டைய மட்டும்தான் பார்த்தேன்" என்றார்.

தம்பி மூன்று நாள் விடுமுறையில் வந்தபோது, வீட்டைக் காலி செய்துவிட்டுத் தரையில் டேப் ஒட்டினேன். வரப்போகிற ஒவ்வொரு பொருளும் அதே அளவில், அதே இடத்தில். டேப் கோட்டை மிதிக்காமல் ஒரு நாள் இந்த வீட்டில் நடமாடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காகிதத்தில் வரைபடம் பார்த்துத் தலையாட்டுகிற எவரும் தரையில் டேப்பைப் பார்த்தால் பேசத் தொடங்கிவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கருவி இல்லை, விலையும் சில வெள்ளிதான்.

அன்றைக்குத்தான் நான் எல்லாத் தமிழ் வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு இலை எங்கே போடுவீங்க?"

அம்மா விறுவிறுவென்று நடந்துபோய், தாத்தா பாட்டி படங்கள் மாட்டியிருந்த சுவருக்குக் கீழே நின்றார். இங்கே மூன்று இலை. இங்கே விழுந்து கும்பிடுவோம். அவர் நின்ற இடம் டேப் போட்ட டிவி கேபினட்டுக்கு நட்டநடுவே. தம்பி அதைப் பார்த்துவிட்டு, தானே குனிந்து டேப்பை உரித்தார். டிவி எதிர்ச் சுவருக்குப் போனது, ஒரே ஒரு மெல்லிய தட்டோடு. படங்களுக்குக் கீழே ஏழடிக்கு வெறுந்தரை. கைப்பிடிக் கட்டைக்கும் அப்போது வழி கிடைத்துவிட்டது.

முன் ஹாலை இழுத்துக் கட்டுவதும் அன்றைக்கே போனது. காரணம், வாசல் படி. அம்மா காலையில் முருங்கைக்கீரை உருவுவது, போகிறவர் வருகிறவரிடம் பேசுவது எல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்துதான். லயத்து அஞ்சடி, அந்த வீடுகளின் முன் திண்ணை, அவருக்கு இந்தத் தாமானில் அந்தத் துண்டு சிமெண்டாக மிஞ்சியிருக்கிறது. அதை ஒன்றரை அடி ஆழத்துக்கு அகலப்படுத்தி, பிடித்து எழுந்திரிக்க ஒரு கம்பி வைத்தோம்.

மிச்சமிருந்தது வாசல் தடுப்பு. உள்ளே நுழைந்ததும் எல்லாம் தெரியக் கூடாது என்று தம்பிக்கு அதில் ரொம்ப ஆசை. ஐயா மதியம் வரைக்கும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், தடுப்புக்காக ஒட்டியிருந்த டேப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ தூக்கிப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, ஹாலிலிருந்து வாசலுக்கு மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். டேப்பில் கால் பட்டது.

"இங்க பெட்டி திரும்பாதுப்பா" என்றார்.

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், அலமாரி வாங்குவதைப் பற்றிப் பேசுகிற குரலில். அம்மா, "ஆமா, ஆறு பேரு தூக்கணுமே" என்றார். தம்பி பின்வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தடுப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. காலணிக்கு வெளியே, போர்ச் சுவரோரம் உட்காரத் தோதாக ஒரு பெட்டி செய்து போட்டோம்.

நான் வாங்கிய பட்டயத்தில் வாசலின் அகலம், மாடிப்படியின் சரிவு, சோபாவுக்கும் மேசைக்கும் இடைவெளி என்று எல்லாவற்றுக்கும் அளவு இருந்தது. இந்த அளவு மட்டும் இல்லை. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் நானே மனசுக்குள் பார்த்துக்கொள்கிறேன், வாய்விட்டுக் கேட்பதில்லை.

மற்ற வேலைகள் வழக்கம்போலத்தான். பின்னால் குசினியை நீட்டுவதற்கு நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கினோம். நடு வீடுகளில் முன்னும் பின்னும்தான் வெளிச்சம். பின்னால் எல்லை வரைக்கும் கட்டி மூடிவிட்டால் நடு அறை பகலிலும் குகை. 1984ஆம் ஆண்டுக் கட்டட துணைச் சட்டமே, குடியிருக்கிற அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சன்னல் வேண்டும், 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் காற்று தடையின்றிப் போக வேண்டும் என்கிறது. அதனால் நாலுக்கு ஐந்தடி ஒரு திறந்த வெளியை விட்டுவிட்டுத்தான் கட்டினோம். ஆட்டுக்கல்லும் அம்மியும் இப்போது அங்கே இருக்கின்றன. கீழ்க் கேபினட்டுக்கு அலுமினியம், கரையானும் ஈரமும் ஒன்றும் செய்யாது. விலைப் பட்டியலைத் தமிழிலும் ஒரு படி எழுதிக் கொடுத்தேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்து, கீல்களின் எண்ணிக்கையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார்.

சாமி மேடையைப் பற்றி மட்டும் எனக்கும் அம்மாவுக்கும் கொஞ்சம் இழுபறி. முழங்கால் வலி இருப்பதால் நின்று விளக்கேற்றுகிற உயரம் வேண்டும், அதே சமயம் சாமி தலைக்கு மேலே இருக்க வேண்டும். கடைசியில் படங்களை உயரத்திலும் விளக்குத் தட்டைத் தனியாக நெஞ்சு உயரத்திலும் வைத்தோம். சூடம் காட்டுகிற இடத்துக்கு மேலே கூரையில் ஒரு புகைப்போக்கி.

மாட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டபோது ஐயா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். அப்போது அமைச்சராக இருந்த எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவருடைய அப்பா வாங்கிய பங்கின் பத்திரம். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட அந்த நேரத்தில், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்க வேண்டும் என்று தொடங்கியது அது. மடிப்பில் காகிதம் கிழிகிற நிலையில் இருந்தது. வெயில் படாத, குளியலறைச் சுவரோடு ஒட்டாத இடமாகத் தேடி, தம்பியின் மேசைக்கு இடது பக்கம் சட்டம் போட்டு மாட்டினேன்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் படையலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனபோது ஹாலில் மூன்று இலை விரித்திருந்தது. தம்பி தன் மேசையில் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நேராகக் குசினிக்குப் போனேன். அம்மா வெறுங்காலோடு தரையில் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தார். 73 என்று போட்ட கோட்டில் அடுப்பு. பின் சுவரின் வெள்ளை ஓட்டில் மஞ்சள் மஞ்சளாக எண்ணெய் தெறித்திருந்தது, மேடை முழுக்க மாவு.

திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, "வந்துட்டியா, அந்தச் சல்லடைக் கரண்டிய எடு" என்றார்.